ஷெனாலி அண்ணி கொண்டுவந்த கேத்தல்

அம்மா,

அண்ணியைக் கூட்டிவர அவங்க ஊர் வில்கமுவவுக்குப் பஸ்ஸில் போகிறேன். சோறு அடுப்பில் இருக்கிறது.

"ஒங்க வீட்டு சில்வரே துருப் புடிக்குதே"ன்னு நேற்று அண்ணியிடம் கேட்டீங்களே, அந்தத் துரு என்னால் வந்தது. கேத்தலை இரும்பு நாரால் தேய்த்துவிட்டு, ஈர நாரை மூடியிலேயே விட்டுவிட்டேன். அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பியபோதும் நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

விடியவே அப்பச்சோடாவில் தேசிக்காய் பிழிந்து, அந்தப் புளியில் குழைத்து, துணியால் தேய்த்தேன். ஒரு புள்ளி மட்டும் போகவில்லை. இனி நானும் அதற்கு இரும்பு நார் போடமாட்டேன், நீங்களும் போடாதீங்க.

அண்ணி வருவாங்களோ தெரியவில்லை.

மெர்லின்

பி.கு.: நேரில் சொல்ல வராது என்று அண்ணிக்கும் ஒரு தாள் எழுதிக்கொண்டு போகிறேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். வந்தால் அந்தக் கேத்தலிலேயே தேத்தண்ணி போட்டுக் கொடுங்க.