செருப்பைப் பார்த்து ஆஜர்

ஆடி 4, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை. பெரியவன் மகனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, ஆர்டர் வந்துவிட்டது. அவன் தங்கை பத்தாவதில் ஃபர்ஸ்ட் கிளாஸ். பள்ளிப்பட்டுப் பேத்தி டைப் லோயர் பாஸ். மூன்றையும் வகுப்பு டீச்சரிடம் சொன்னேன்.

"ரொம்ப சந்தோஷம்மா. கமலாவுக்கு எது பிடிக்கும்?"

நான் பெற்ற பெண், முப்பத்தொரு வயசு. தெரியவில்லை.

புத்தி வளர்ச்சி குறைந்த பெரியவர்களுக்கான வகுப்பு. ஐந்து பேர் உள்ளே. இவள் மட்டும் நாலு வாரமாக வாசப்படியில். என் காலத்துக்குள் நாலு பேரோடு உட்காரப் பழக வேண்டும்.

டீச்சர் சொன்னது: திட்டக்கூடாது. இழுக்கக்கூடாது. என்ன செய்கிறாள் என்று பார்க்கணும்.

ஆடி 6, வியாழன்

பார்த்தேன். வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்க்கிறாள். வகுப்பு விட்டதும் அவரவர் காலடியில் கொண்டுபோய் வைத்தாள். ஒன்றுகூட மாறவில்லை!

"ஏண்டி, கண்டவங்க செருப்ப..." வாய் வரை வந்தது. டீச்சர் கண்ணைக் காட்டினார். அடக்கிக்கொண்டேன்.

பொதட்டூர்பேட்டை நர்சிம்லு, நாற்பது வயசு, ஒரே சிரிப்பு. "எங்க நைனா கூட எனுக்கு இப்டி எட்த்து தந்தது இல்ல."

பருப்பு, சீயக்காய் வாங்க மறந்தாச்சு.

ஆடி 11, செவ்வாய்

வெயில். டீச்சர் உள்ளேயிருந்து கேட்டார், "கமலா, யார் யாரு வந்துகிறாங்க?"

"எல்லாரும்..." என்று நான்.

"அம்மா, உங்கள கேக்கல."

வெட்கமாகிவிட்டது. வீட்டிலும் இதே கதைதான். பசிக்குதா என்று அவளை யார் கேட்டாலும் பதில் நான்.

கமலா செருப்புகளைப் பார்த்து, "நர்சிம்லு கீறான். மணி கீறான். ராணி வர்ல."

சரிதான், ராணி வரவில்லை. இத்தனை பெயர் எப்போது கற்றாள்?

ஆடி 13, வியாழன்

"நர்சிம்லு கீறான்."

"இங்க காணோமே கமலா."

செருப்பைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். நம்பவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்! அலமாரிப் பின்னால்கூடத் தேடினாள். அவன் வெறுங்காலோடு கொல்லைக் குழாயடியில். கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"செருப்பு அங்க. நீ எங்க?"

"விடு மே! தண்ணி குட்ச்சிகினு இருந்தேன்."

எல்லாரும் சிரிப்பு. கமலா அவன் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

இனி ஆஜர் நோட்டு அவள் பொறுப்பாம். எழுத்துத் தெரியாதென்று பெயருக்குப் பதில் ஐந்து பேர் போட்டோ ஒட்டியிருக்கிறது. கீழே ஒரு கட்டம் காலி. அதில் விரலை வைத்து, "நானு?" என்றாள்.

வீட்டில் இருப்பது அவள் ஏழு வயசில் எடுத்தது. பெரியவனுக்கு இன்லண்டு லெட்டர் போடணும்: பொங்கலுக்கு நீ எடுத்ததில் கமலா முகம் நன்றாகத் தெரிகிற ஒன்று, புதுசாகக் கழுவி, செவ்வாய்க்கிழமைக்குள் கிடைக்கும்படி தபாலில் அனுப்பு.