அப்பா இப்போது பேசுவதில்லை

14 ஒக்டோபர் 1986, செவ்வாய்

இன்று சாப்பாட்டுப் பெட்டி தரும் நாள். எங்கள் மூன்று பேருக்கும் ஒரு பெட்டி. பாண், வெண்ணெய், தகரத்தில் அடைத்த இறைச்சி, பீச் பழத் தகரம் ஒன்று. அம்மாவுக்குப் பழத்தை விடத் தகரத்தில்தான் சந்தோஷம். அடியில் ஆணியால் துளை போட்டு, துணியைச் சுற்றி, கொதிக்கிற பானையின் வாயில் இருத்தினால் அதுதான் எங்கள் புட்டுக்குழல். போன தகரம் துருப்பிடித்துவிட்டது.

இந்தக் கட்டிடத்தை எல்லோரும் ஹைம் என்கிறோம். ஹைம் என்றால் வீடு என்று பள்ளி அகராதி சொல்கிறது. ஒன்பது குடும்பத்துக்கு நான்கு அடுப்பு உள்ள வீடு.

அப்பாவுக்கு ஒரு மஞ்சள் உறைக் கடிதம் வந்தது. திறந்து பார்த்துவிட்டு, கீழே அலுவலகத்தில் இருக்கிற பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டினார். திரும்பி வந்து கோட்டின் உள்பையில் வைத்தார். அம்மா என்னவென்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. விசாக் கடதாசியில ஸ்டெம்பல் அடிக்க வரட்டாம்."

பொய் சொல்லும்போது அப்பா காதைத் தடவுவார். தடவினார்.

16 ஒக்டோபர்

மேசையில் பாலைக் கொட்டிவிட்டேன். அரை லீற்றர். அப்பா ஒன்றும் சொல்லாமல் துணி எடுத்துத் துடைத்தார்.

பயமாக இருக்கிறது.

சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் சாப்பாட்டுக்கடை. காலையில் புட்டும் சொதியும். வருகிறவர்களுக்கு முதலில் அப்பாவின் பேச்சு, பிறகுதான் புட்டு. ஏன் பிந்தி வந்தாய், ஏன் மிச்சம் விட்டாய், ஏன் வாழையிலையை இப்படிக் கிழித்தாய் என்று ஒருவரையும் விடமாட்டார். ஞானப்பிரகாசம் வாத்தியார் சொல்லுவார், "இராசலிங்கத்தாரிட்டைப் பேச்சு வாங்கினால்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி." நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்தால் எனக்கும் ஒரு பங்கு கிடைக்கும். "ரிப்பன் எங்கை? தலை என்ன குருவிக்கூடோ?"

ஜெர்மனிக்கு வந்து பதினொரு மாதம். இங்கேயும் பேசினார். பிந்தி வந்த ரெயினைப் பேசினார், பனியைப் பேசினார், பாணைப் பேசினார். மஞ்சள் உறை வந்ததிலிருந்து ஒரு சொல் இல்லை.

19 ஒக்டோபர், ஞாயிறு

இங்கே ஒரே மேசை, மூன்று கதிரை. அதனால் மூன்று பேரும் ஒன்றாய்ச் சாப்பிடுகிறோம். ஊரில் அப்படியில்லை. அப்பா, பிறகு நான், எல்லோரும் எழும்பிய பிறகு குசினி நிலத்தில் இருந்து அம்மா. அம்மா என்ன சாப்பிடுவார், எவ்வளவு சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இங்கே வந்துதான் கண்டுபிடித்தேன்: அம்மாவுக்கு அடிப்புட்டின் காய்ந்த பகுதிதான் விருப்பம். ஊரில் அது மிச்சம் என்பதால் சாப்பிடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

கேக்குக்குப் போடுகிற காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுபாலில் ஊறவைத்துப் பிழிந்து அம்மா சொதி வைக்கிறார். வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள். ஊர்ச் சொதிக்கு அரைவாசி வரும். அப்பா அதைத் தொடுவதில்லை. வெறும் புட்டைச் சீனியோடு சாப்பிடுகிறார். ஊரில் கடைசி மாதங்களிலும் தொடவில்லை. என்ன கோபமோ.

24 ஒக்டோபர், வெள்ளி

எடுத்து வாசித்துவிட்டேன். அப்பா குளிக்கப் போன நேரம் எடுத்து, கணக்குக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோய், பள்ளிக்கூடத்தில் இடைவேளை முழுக்க அகராதியோடு இருந்தேன். ஜெர்மன் சொல்லுக்கு ஆங்கிலம் பார்த்து, ஆங்கிலத்துக்குத் தமிழ் யோசித்து, ஒரு பக்கம்தான் முடிந்தது. அதுவே போதும்.

"ஆரம்பத்தில் படையினர் கடைக்கு வந்து அவருடன் உரையாடினர். இவ்வாறு மூன்று தடவை நடந்தது. கடைசித் தடவை காலையில் உணவு பரிமாறப்பட்டது. அதன்பின் அவர் கடையை மூடினார்."

ஆகவே அவருக்கு ஆபத்து இருந்ததாகக் கொள்ள முடியாதாம். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறதாம். வழக்குப் போடுவதானால் நவம்பர் பதின்மூன்றாம் திகதிக்கு முன்.

உரையாடினரா? இவ்வளவுதானா? கடையை விற்று, அம்மாவின் தாலிக்கொடியை விற்று, மூன்று நாடு தாண்டி வந்தது உரையாடினதற்கா?

அப்பா ஏன் அப்படிச் சொன்னார்? அல்லது அதுதான் உண்மையா?

25 ஒக்டோபர்

கடிதத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தூங்குகிறார். இதை எழுதுகிற சத்தத்துக்கே விழித்துவிடுவாரோ என்று பயம். கொப்பியை மெத்தைக்குக் கீழே வைக்கிறேன்.

30 ஒக்டோபர்

கடையை மூடிய அன்று நான் சின்னம்மா வீட்டில். திரும்பி வந்தபோது கடை பூட்டியிருந்தது, அப்பாவின் வலது காலில் கட்டு. "சொதிப்பானை சரிஞ்சு போச்சு" என்று அம்மா சொன்னார். அதற்கு மேல் யாரும் கதைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தெரியாது.

அப்பாவை நான் சந்தேகப்படுகிறேனா? இல்லை. ஓம். தெரியவில்லை.

3 நவம்பர், திங்கள்

இன்னும் பத்து நாள். அப்பா ஜன்னலில் நிற்கிறார். சோற்றில் உப்பில்லை. ஒன்றும் சொல்லவில்லை.

7 நவம்பர், வெள்ளி

எல்லாவற்றையும் எழுதவேண்டும்.

பக்கத்து அறைக் கமலநாயகி அக்காவுக்கு ஏழு மாதம். பின்னேரம் அவவைப் பார்க்க டாக்டர் வந்தார். மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். பார்த்தால், அப்பாவின் விசாரணைக்கு மொழிபெயர்த்த அதே பார்த்தசாரதி அண்ணை. இந்தியாக்காரர். டார்ம்ஸ்டாட்டில் இன்ஜினியரிங் படிக்கிறார்.

அம்மா அவரை வாசலில் மறித்தார். "எங்கட கேசுக்குக் கதைச்ச தம்பி. சாப்பிடாமல் அனுப்ப ஏலாது. இண்டைக்கு வெள்ளிக்கிழமை, மரக்கறிதான். பயப்பிடாமல் வாங்கோ."

"சிரமப்படாதீங்கம்மா, ஏழு மணிக்கு டிரெயின்."

"ரெயின் இன்னொண்டு வரும். புட்டு ஆறிப்போகும். இருங்கோ."

அப்பா எழுந்து தன் கதிரையைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் இருந்தார். அம்மா நின்றபடி பரிமாறினார்.

"நீங்களும் உக்காருங்கம்மா. நின்னுட்டே இருந்தா எனக்கு இறங்காது."

அம்மா அப்பாவைப் பார்த்தார், பிறகு இருந்தார். வெளி ஆம்பிளை ஒருவருக்கு முன்னால் அம்மா சாப்பிட்டதை நான் முதல்முதல் இன்றுதான் கண்டேன்.

"இது என்ன, மோர்க்குழம்பா?"

"சொதி" என்றேன்.

"சோதியா?"

"சொதி, அண்ணை. தேங்காய்ப்பால்."

"நல்லாருக்கே. கேள்விப்பட்டதே இல்ல."

மிளகாய் தாளித்த புகை அறைக்குள் வந்துகொண்டிருந்தது. அம்மா சொன்னார், "மலர், குசினிக் கதவைச் சாத்து. புகை கீழை போனால் கட்டிடம் பார்க்கிற அந்த ஹவுஸ்மைஸ்டர் வந்து எங்களைப் பேசப்போறான்."

"பேசட்டுமே. வந்தா நான் அவர்கிட்ட பேசிக்கறேன்."

"ஐயோ வேண்டாம் தம்பி. நீங்கள் பேசினால் பேந்து எங்களுக்குத்தான் கரைச்சல்."

"நல்லவிதமாத்தாம்மா பேசுவேன்."

"நல்லவிதமாய்ப் பேசுறதோ?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கட இவர்தான் ஊரில நல்லவிதமாய்ப் பேசுறவர். சனம் காசும் குடுத்துப் பேச்சும் வாங்கிக்கொண்டு போகும்."

அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "பேச்சு வாங்கறதுன்னா… திட்டு வாங்கறதா?"

என் கையில் இருந்த புட்டு அப்படியே நின்றது. நான் கேட்டேன், "அண்ணை, உங்கட ஊரில பேசுறதெண்டால் என்ன?"

"இதோ, இப்ப நாம பண்ணிட்டிருக்கிறதுதான்."

"இது கதைக்கிறது. பேசுறதெண்டால் ஏசுறது. கூடாத வார்த்தை சொல்லி ஏசுறது."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அப்பாவின் பக்கம் திரும்பினார். "சார், அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க? ஆர்மிக்காரங்க துவக்கத்துல வந்து பேசினாங்கன்னு…"

"துவக்கோட வந்து எண்டனான்" என்றார் அப்பா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் குரல்.

"துவக்கெண்டால் சுடுறது, அண்ணை" என்றேன்.

"துப்பாக்கியா?"

நான் எழுந்து அப்பாவின் கோட்டிலிருந்து கடிதத்தை எடுத்தேன். எல்லோரும் பார்க்கத்தான் எடுத்தேன். "நான் வாசிச்சிட்டன். அம்மா, எங்களுக்கு இல்லையெண்டு எழுதியிருக்கு." அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முடிந்திருக்காது.

பார்த்தசாரதி அண்ணை வாசித்தார். உதடு அசைந்தது. "கடைசியா, காலைல சாப்பாடு ஊத்தினாங்கன்னு சொன்னேன். நீங்க அப்படித்தானே சார் சொன்னீங்க? காலைல ஊத்தினாங்கன்னு?"

அப்பா குனிந்து வலது காலுறையைக் கழற்றினார். படுக்கும்போதும் கழற்றாத காலுறை.

"காலைல இல்லைத் தம்பி. காலில."

முழங்காலுக்குக் கீழே பாதம் வரை தோல் பாலாடை போலச் சுருங்கியிருந்தது. பானை சரியவில்லை. அடுப்பிலிருந்து தூக்கி ஊற்றியிருக்கிறார்கள்.

மேசையில் எல்லாத் தட்டிலும் சொதி.

"நான்தான் சொன்னேன்" என்றார் அவர். "இந்த வார்த்தை ஒவ்வொண்ணும் என் வாயிலேருந்து போனது." கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அப்பா காலுறையைத் திரும்பப் போட்டார். "சாப்பிடுங்கோ தம்பி. ஆறுது."

அவர் ஒரு துகளும் விடாமல் சாப்பிட்டார். ரெயினை விட்டுவிட்டார். என் பள்ளிக் கொப்பியைக் கேட்டு வாங்கி, இடப்பக்கம் எங்கள் சொல்லை என்னை எழுதச்சொல்லி, வலப்பக்கம் தன் சொல்லை எழுதினார். பேசினவங்கள். துவக்கு. காலில. சொதி. பிறகு ஜெர்மனில் ஒரு பக்கம், தான் பிழையாக மொழிபெயர்த்ததாக. கையெழுத்து வைத்தார்.

"இதால உங்களுக்குக் கரைச்சல் வராதோ?" என்று அம்மா கேட்டார்.

"வேற வேலை பார்த்துப்பேன்மா. ரெஸ்டாரன்ட்ல பாத்திரம் கழுவலாம். அங்க யாரும் மொழிபெயர்க்கச் சொல்ல மாட்டாங்க."

இரண்டு கிழமை அப்பாவைச் சந்தேகப்பட்டேன். இதை ஒருவருக்கும் சொல்லமாட்டேன். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

கடிதத்தைத் திருடினதற்கு அப்பா என்னைப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

10 நவம்பர், திங்கள்

பார்த்தசாரதி அண்ணை வந்து அப்பாவை வக்கீலிடம் கூட்டிப்போனார். மூன்று நாள் மிச்சம் இருக்கும்போதே வழக்குப் போட்டாயிற்று. வக்கீல் அந்தக் கொப்பித் தாளையும் கேட்டு வாங்கினாராம். அதன் ஓரத்தில் என் தமிழ்க் கையெழுத்தில் நான்கு சொல் இருக்கிறது. இனி அது ஒரு கோப்புக்குள் இருக்கும்.

14 ஜனவரி 1987, புதன்

பொங்கல். அடுப்பு முறை எங்களுக்குக் காலை ஆறு மணிக்கு. பால் பொங்கி வழிந்து மின்னடுப்பு கருகி மணத்தது. எதிர் அறை எரித்ரேயாக்காரி ஓடிவந்து தட்டை நீட்டிச் சிரித்தார்.

பார்த்தசாரதி அண்ணை பச்சரிசி கொண்டுவந்தார். அவரை மொழிபெயர்ப்புக்குக் கூப்பிடுவதில்லையாம். உண்மையாகவே பாத்திரம் கழுவுகிறார். "உங்க அப்பா இன்னும் ஒண்ணும் பேசலையா?" என்று என்னிடம் இரகசியமாய்க் கேட்டார். எங்கள் பேசுறது. பழகிவிட்டார்.

இல்லை என்றேன்.

23 மார்ச் 1987

வழக்கு விசாரணைக்கு முன் அப்பாவை இன்னொரு தரம் விசாரித்தார்கள். மொழிபெயர்த்தவர் கொலோனில் இருந்து வந்த யாழ்ப்பாணத்தவர். அப்பா காலுறையைக் கழற்றிக் காட்டினாராம். எழுதிக்கொண்டிருந்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாவாம்.

5 செப்டெம்பர் 1987

இன்னும் கடிதம் இல்லை. அப்பா கதைக்கிறார். ஆனால் பேசுவதில்லை.

24 ஏப்ரல் 1988, ஞாயிறு

பகலில் எழுதுகிறேன், குசினி மேசையில். இது எங்கள் குசினி. நான்கு அடுப்பும் எங்களுடையவை. மேசை லாச்சிக்குள் வழக்கு வென்று கிடைத்த மூன்று நீலப் பயணப் புத்தகங்கள். அம்மா தினமும் ஒருமுறை லாச்சியைத் திறந்து மூடுகிறார்.

புது வீட்டில் முதல் ஞாயிறு என்று பார்த்தசாரதி அண்ணையைச் சாப்பிடக் கூப்பிட்டோம். காலையில் அப்பா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தார். ஊரில் வீட்டுக் குசினியை எட்டியும் பார்க்காதவர்.

"இண்டைக்குச் சொதி நான் வைக்கிறன்."

அம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்து பார்த்தார். அப்பா வெங்காயம் வெட்டினார். கை மறக்கவில்லை. முதற்பாலை விட்டுவிட்டு அகப்பையை என்னிடம் தந்தார். "துழாவு. கைவிடாதை."

கதவு மணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தேன். பார்த்தசாரதி அண்ணை சப்பாத்துக் கழற்றும்வரை நின்று கதைத்தேன். திரும்பி வர, சொதி கொதித்துத் திரைந்து கிடக்கிறது.

அப்பா பானைக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"முதற்பால் விட்டாப் பிறகு ஆரும் அடுப்பை விட்டுப் போறவையோ? மணி அடிச்சால் ஓடுறதுக்கு நீ என்ன பள்ளிக்கூடத்துப் பியூனோ? இது சொதியோ, சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்போ? கடையில இப்பிடி வைச்சிருந்தால் சனம் பானையை என்ர தலையில கவிழ்த்திருக்கும்—"

வாசலில் நின்ற பார்த்தசாரதி அண்ணை மெதுவாய்க் கேட்டார், "என்ன சார், பேசறீங்களா?"

"ஓம் தம்பி, பேசுறன். இருங்கோ, உங்களுக்கும் இருக்கு. பன்னிரண்டு மணிக்கு வரச்சொன்னால் ஒரு மணிக்கோ வாறது?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார்.