உலைக் குளத்து ஆமைகள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாகவே இருக்கிறோம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, அதில் அது உன்னைப் போல. நீயும் மருமகளும் சௌக்கியம்தானே, குழந்தைக்கு இருமல் நின்றதா? போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உலையையே மூடியாச்சு, லேபையும் மூடப்போறாங்க, இன்னும் அங்க என்னம்மா வேலை, பேசாம இங்க வந்துடுங்க என்றாய். இப்போது வரமாட்டேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அணு உலை கட்டியபோது சுற்றியிருந்த நிலத்துக்கெல்லாம் வேலி போட்டு ஆட்களை வெளியேற்றினார்கள். வேலி தங்களுக்காகத்தான் என்று நினைத்து மானும் நரியும் குடும்பத்தோடு குடியேறின. கதிர்வீச்சு இவற்றை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் எங்கள் லேப் வந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள், உலையின் சூடான தண்ணீர் விழும் குளத்து ஆமைகள் மற்ற குளத்து ஆமைகளைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கதிர்வீச்சால்தான் இப்படி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார்கள். பேப்பர்காரர்கள் சும்மா விடுவார்களா, ராட்சச ஆமை என்று படம் போட்டார்கள். பிறகு லேப் தலைமைக்கு வந்த அம்மையார், அதான் நீ பூட்ஸ் ஆன்ட்டி என்று கூப்பிடுவாயே, அவர்தான் ஓட்டின் ஓரத்தில் அரத்தால் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வைத்தார். வருஷக்கணக்கில் பிடித்து எடை பார்த்து விட்டபிறகு விஷயம் தெரிந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், குளிர்காலத்திலும் பசி, வயிறாரத் தீனி, அவ்வளவுதான். நல்லாச் சாப்பிட்டு வளந்ததுக்கு இந்தப் பழியா என்று சிரிப்பார். உடம்பில் கதிர்வீச்சு ஏறிய ஆமையைச் சுத்தமான தண்ணீரில் வைத்திருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும் என்று காட்டியதும் அவர்தான். அதையெல்லாம் யார் கேட்டார்கள், ராட்சச ஆமைதான் ஊர் வாயில் நின்றுவிட்டது.

உலையைப் பிரித்து மூடும் வேலைக்கு இப்போது வந்திருக்கிற மேனேஜரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். குளத்தை வற்றவைக்கப் போகிறார்களாம், ஆமைகளை மொத்தமாகக் கொன்று கழிவோடு புதைத்துவிடலாம் என்றார். மல்லுக்கட்டி ஒரு வழி வாங்கினேன். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கதிர்வீச்சு அளக்கும் கருவி வைத்துப் பார்ப்பது, அளவுக்குள் இருந்தால் வேலிக்குள்ளேயே இருக்கிற மேல்குளத்தில் விடுவது, தாண்டினால் அவர் சொன்னபடி புதைப்பது. அந்த நாத்தம் பிடிச்சதையே கட்டிக்கிட்டு அழு என்று காலமெல்லாம் திட்டிய உன் அப்பா, அதே உலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்பதால் அனுமதி வாங்கி, ரப்பர் பூட்ஸும் கையுறையும் மாட்டிக்கொண்டு வலைக்கூண்டு தூக்குகிறார். முதல் நாளே ஒன்று கட்டைவிரலைக் கவ்விவிட்டது. பயப்படாதே, உறை காப்பாற்றியது, ஐயாவுக்குப் பேச்சுதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முந்தாநாள்வரை பிடித்ததெல்லாம் அளவுக்குள். நேற்று ஒரு வயசான பெண் ஆமை கிடைத்தது, கருவி கத்தித் தீர்த்துவிட்டது. ஓட்டைத் துடைத்துப் பார்த்தால் பூட்ஸ் ஆன்ட்டி போட்ட வெட்டு. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது, கைவேலை அப்படியே இருக்கிறது. அழுதுவிட்டேன்டா. மேனேஜரோ, ரூல் ரூல்தாம்மா, ஒண்ணே ஒண்ணுக்காக அடம் பிடிக்காதீங்க என்றார். லேப் தொட்டியில் சுத்தமான தண்ணீரில் வைத்து, இறங்கும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். லேபைத்தான் பூட்டப்போறோமே என்றார். தாராளமா பூட்டுங்க, நான் உள்ளதான் இருப்பேன், சாப்பாட்ட மட்டும் ஜன்னல் வழியா குடுத்துடுங்க என்றேன். மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். ஆமை தொட்டியில்தான் இருக்கிறது, இன்று காலை தின்ன ஆரம்பித்தது. அளவு இறங்க மாதக்கணக்காகும். அதுவரை நான் அசைவதாக இல்லை, இந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால் அடுத்துக் கருவி கத்துகிற ஒவ்வொன்றையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளிடம் வள்ளென்று விழாதே, குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடுங்கள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கப்பா என்று அப்பாவுக்குத் தனியாகப் போன் போடாதே. லேப் சாவி அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இன்று மத்தியானம் அதைக் கேட்டு மேனேஜர் ஆள் அனுப்பியபோது, தரமுடியாதுன்னு போய்ச் சொல்லு என்று அந்த ஆளைத் திருப்பி அனுப்பியவர் உன் அப்பாதான்.

இப்படிக்கு,
உன் அம்மா