சின்னவளின் இறக்குமதிக் கணக்கு

1971 பிப்ரவரி 9, செவ்வாய்
கருத்தரங்குக்கு இன்னும் ஒரு மாதம். பன்னிரண்டு நாடுகளின் இறக்குமதி, ஏற்றுமதி வளர்ச்சியை ஒப்பிட வேண்டும். ஜப்பானையும் கொரியாவையும் தாண்டவில்லை. மனசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. இரட்டைப் பெண்களில் பெரியவள் தன் அம்மா அனுசூயாவோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்னவள் இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள். எடை ஐந்து பவுண்டு வந்தால்தான் அனுப்புவார்களாம். இப்போது மூன்றரை. அவளும் வந்தபிறகுதான் இருவருக்கும் பெயர் என்று அனு சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 14
குடித்த பாலையெல்லாம் கக்கிவிடுகிறாள். "உங்க சின்னப் பொண்ணுக்கு ஏற்றுமதிதாங்க ஜாஸ்தி" என்றாள் அனு. சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இறக்குமதி மிஞ்சினால் ஆபத்து என்று வகுப்பில் முழங்குகிறவன் நான். கடவுளே, இந்தக் குழந்தைக்கு மட்டும் இறக்குமதி மிஞ்சட்டும்.

பிப்ரவரி 20
கீழ்வீட்டு கிரேக்க அம்மாள் கொடுத்த தராசில் பெரியவளை நிறுத்தோம். இருவர் எடையையும் வரைபடமாக்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். ஏன்தான் ஒட்டினேனோ! பெரியவள் கோடு மேலே போகிறது, சின்னவளுடையது கீழே தவழ்கிறது. இடைவெளி கூடிக்கொண்டே வருகிறது. அனு அந்தப் பக்கமே பார்ப்பதில்லை.

பிப்ரவரி 25
மடையன் நான், சுத்த மடையன்! கருத்தரங்குக்காகத் தினமும் செய்கிற வேலைதானே? ஜப்பான் பக்கத்தில் சாதாரணத் தாளில் போட்டால் கொரியா கண்ணுக்கே தெரியாது. மடக்கைத் தாளில், அதாவது லாக் கட்டம் போட்ட தாளில், போட்டால் எத்தனை டாலர் கூடியது என்பது போய், தன் அளவுக்கு எத்தனை சதவீதம் வளர்ந்தது என்பது தெரியும். குழந்தைகளையும் அதில் வரைந்தேன். இரண்டு கோட்டுக்கும் ஒரே சாய்வு! அனுவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சதவீதத்தை வச்சிக்கிட்டு நான் என்னங்க பண்றது? எனக்கு அஞ்சு பவுண்டு வேணும்."

அதுவும் சரிதான்.

மார்ச் 4
பனிப்புயல். எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் ஒரு காரும் தெரியவில்லை, எல்லாம் பனிக்குள். ஆஸ்பத்திரிக்குப் போக வழியே இல்லை. "அவளுக்குக் குளிருமாங்க?" என்று அனு கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவழியாகத் தொலைபேசி கிடைத்தது. வீட்டுக்குப் போக முடியாமல் அங்கேயே தங்கிவிட்ட நர்ஸ் பிரெஞ்சில் சொன்னாள்: குடித்தாள், கக்கவில்லை. அந்தப் பெண் நல்லா இருக்கணும்.

மார்ச் 11
கருத்தரங்கில் மானம் போயிற்று! கொரியா–ஜப்பான் தாள் என்று நினைத்து, ஆஸ்பத்திரியில் எடை குறிக்கப் பையில் வைத்திருந்த குழந்தைகளின் தாளை மாட்டிவிட்டேன். கவனிக்காமல் பேசிக்கொண்டே போகிறேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: "கீழே இருக்கிற நாடு கடைசியில் மற்றதைவிட வேகமாக ஏறுகிறதே, அது எது?"

திரும்பிப் பார்த்தேன். நேற்று மாலை அவசரத்தில் வைத்த புள்ளி. ஆமாம், சின்னவள் பெரியவளைவிடச் செங்குத்தாக ஏறுகிறாள்! நான் பார்க்கவே இல்லையே.

"என் மகள்" என்றேன். அறையே சிரித்தது.

மார்ச் 19
வந்துவிட்டாள். பெரியவள் சுகுணா, சின்னவள் சுலோசனா.

1972 ஏப்ரல் 8
கீழ்வீட்டு அம்மாள் மகளுக்கு இது பிரசவ மாதம். தராசைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள் அனு. நாங்கள் அதைத் தொட்டே வெகு நாளாகிறது.

இன்று சுலோசனா தன் அக்கா கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கி, முழுவதையும் வாயில் அடைத்துக்கொண்டாள். சுகுணா ஒரே அலறல்.

"ஏங்க, இதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?" என்றாள் அனு.

எழுதவில்லை. இன்னொரு ரொட்டி எடுத்துச் சுகுணாவிடம் கொடுத்தேன். அதற்கும் கை நீட்டுகிறாள் சின்னவள்.