படத்தில் என் முதுகுக்குப் பின்னால்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் நலமாகத்தான் இருக்கிறேன். ரயில் பாதைக்காகக் கோதுமை வயல்களை அளந்துகொண்டிருக்கிறேன். வயல் போய்விடும் என்று இந்த ஊர்க்காரர்கள் நான் அடிக்கும் முளைக்குச்சிகளைப் பிடுங்கிப் போடுகிறார்கள். முட்டாள்கள்.

மேட்டில் உட்கார்ந்து இதே வயலை வரைகிற ஓவியர் கோத்ரியின் படத்தை நேற்று எட்டிப் பார்த்தேன். அதில் நான் அளக்கும் கருவியில் கண்ணை வைத்துக் குனிந்திருக்கிறேன். பின்னால் அறுப்புக்காரர்கள் நீண்ட அரிவாள்களோடு என்னையே பார்த்து நிற்கிறார்கள்.

"இவங்கள அழகுக்குச் சேத்தீங்களா?"

"பாக்கறதத்தான் வரையறேன், தம்பி. நீ திரும்பினா குனிஞ்சு அறுக்கறாங்க. தெனமும் கிட்ட வர்றாங்க, நானும் தெனமும் அழிச்சு அழிச்சு வரையறேன். எனக்குத்தான் வர்ணம் வீண்" என்று சிரித்தார்.

பயப்படாதீர்கள், அவர் கேலிக்காரர். கம்பளிக் காலுறை அனுப்புங்கள். தம்பி லூசியன் சும்மாதானே இருக்கிறான், அவனையும் அனுப்புங்கள். அளவுகோல் பிடிக்கட்டும். என் பின்னால் நின்றாலே போதும்.

ஓவியர் ஊருக்குக் கிளம்பிவிட்டார், இதை அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். படம் முடிந்ததா என்று கேட்டேன். "முடிஞ்சுது. உனக்கும் அவங்களுக்கும் நடுவுல இனிமே எடமில்ல" என்றார்.

அவர் வண்டி காத்து நிற்கிறது. லூசியன் உடனே வரட்டும்.

உங்கள் மகன்,
ஃபிர்மேன்