கூறை விரிக்கும் கை

என்ரை அம்மாவுக்கு,

கோபிக்காதேங்கோ. நீங்கள் வேலை செய்த அதே புடவைக்கடையில்தான் இப்போது நான் காசு வாங்கும் மேசையில் இருக்கிறேன்.

கலியாணக் கூறைச்சேலைப் பிரிவில் நீங்கள் நின்ற இடத்தில் சுமதியக்கா நின்றா. மாசியில் அவவின் கணவர் நோய் வந்து போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வந்த அவவை முதலாளி மேல்மாடிக்கு, பார்சல் கட்ட அனுப்பினார். கைம்பெண் கூறை விரித்தால் கலியாண வீட்டுக்காரருக்கு மனம் கோணுமாம். விற்பனைக் கொமிசனும் நின்றுபோனது.

"நாளையிலை இருந்து நான் வரேல்லை, தங்கச்சி. வேணுமெண்டால் வந்து கூப்பிடட்டும்," என்றா சுமதியக்கா.

உங்கள் வசனம், அம்மா. அப்பா செத்த வருடம் உங்களையும் கூறைப் பிரிவிலிருந்து எடுத்தபோது நீங்களும் இதைச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தீர்கள். ஒருவரும் கூப்பிட வரவில்லை. நீங்களாகவே விலகினீர்கள் என்று கடையில் சொன்னார்கள். எங்கே போய் முறையிடலாம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் போயிருப்பீர்களா?

நான் சுமதியக்காவைத் தொழில் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். தனியார் கடையில் இப்படிப் பாகுபாடு காட்டுவதை நேரே தடுக்கும் சட்டம் குறைவு என்று அங்கிருந்த அதிகாரி ஒளிக்காமல் சொன்னா. ஆனால் வருமானத்தைக் குறைத்து ஒருவரைத் தானாகப் போகவைத்தால், அதை வேலைநீக்கமாக எடுத்து வழக்காடலாமாம்.

"ஒண்டு மட்டும், பிள்ளை," என்றா அதிகாரி சுமதியக்காவிடம். "வேலைக்குப் போறதை விட்டிடாதேங்கோ. விட்டால், நீங்களாகவே விலகினதெண்டு சொல்ல கடைக்காரருக்குத்தான் வாய்ப்பு."

அன்றிலிருந்து சுமதியக்கா ஒரு நாளும் தவறவில்லை. கடைப் பெடியள் "மேல்மாடி மனேச்சர்" என்று பகிடி பண்ணுவார்கள். அவவும் சிரித்துக்கொண்டே படியேறுவா. இறங்கும்போது சில நாள் கண் சிவந்திருக்கும்.

நாங்கள் கொடுத்த முறைப்பாட்டின் முதல் விசாரணையில் முதலாளி, தனக்கொன்றுமில்லை, சனம்தான் விரும்பாது என்றார். எந்தச் சனம் வந்து சொன்னது என்று அதிகாரி கேட்டா. முதலாளி கொமிசனைத் தர ஒப்புக்கொண்டார். இடத்தைத் திருப்பித் தருவதை மட்டும் யோசிக்கவேணுமாம்.

அம்மா, ஆவணியில் எனக்குக் கலியாணம். கூறையை எங்கள் கடையிலேயே எடுப்போம், சுமதியக்காதான் விரித்துக் காட்டவேணும் என்று மாப்பிள்ளையின் தாயிடம் கேட்டேன்.

"ஓம் பிள்ளை," என்றா மாமி. "நானும் தாலி இல்லாதவள்தானே. என்னை விட்டிட்டோ கூறை எடுக்கப் போறியள்?"

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் கூறை எடுக்கும் அன்றைக்கும் பின்னுக்குத்தான் நின்றிருப்பீர்கள். கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்திருப்பேன்.

அடுத்த விசாரணையில் சாட்சி சொல்லப் போகிறேன். என்னையும் மேல்மாடிக்கு அனுப்பினால் போவேன். வீட்டில் மட்டும் இருக்கமாட்டேன், அம்மா.

உங்கடை கூறைச்சேலையை மடிச்சு வைச்சிருக்கிற,
கடைக்குட்டி