பீரோவுக்காக அறுத்த ஜன்னல்

மாப்ள,

நேற்று கே.கே. நகரில் எதிர்வீட்டுக்காரர் பழைய ஜன்னல் கம்பிகளை அறுத்தார். இரும்பு சூடேறுகிற வாடை என் வீட்டுக்குள் வந்தது. காபி டம்ளரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

குவைத்திலிருந்து வருகிறவன் டேப்ரெக்கார்டர் கொண்டுவருவான், சென்ட் கொண்டுவருவான். நீ கொண்டுவந்தது முன்னும் பின்னும் பாய்கிற கரண்டு ரம்பம். அப்போது நாம் குடியிருந்த செல்லூர்ச் சந்தே சிரித்தது. வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சிரிக்கவைத்தவன் நான்தான். உன் மனைவி மட்டும், "பெட்டி கனத்தைப் பாத்து என்னென்னமோ நெனச்சேண்ணே" என்றாள்.

அதை யாருக்கும் இரவல் தரமாட்டாய். புத்தக அலமாரி செய்ய நான் கேட்டபோது, "பலகைய நேரா அறுக்கக் கைரம்பம் போதும் மாப்ள, இது குதறிரும். பதிச்சு வச்ச ஒண்ண நின்ன இடத்துலயே அறுத்து எடுக்கணும், பக்கத்துல எதுவும் உடையக் கூடாதுன்னா, அன்னைக்கு வா" என்றாய். ஒரு பழைய குழாயை அறுத்துக் காட்டிவிட்டுப் பெட்டியை மூடினாய். அந்த 'அன்னைக்கு' வரவேயில்லை.

உன் வீட்டு மாடிப்படியில் என் தொப்பையே ஒருக்களித்துத்தான் ஏறும். அதனால் உன் மனைவி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பீரோவைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றினாய். ஏற்றிய கையோடு ஜன்னலுக்குக் கம்பிகளைப் பதித்துப் பூசினாய். "இனி எந்தத் திருடனும் பீரோவத் தூக்க முடியாது" என்று பெருமை வேறு.

"நீயும் தூக்க முடியாதுடா."

"நான் எங்க போகப் போறேன்?"

போய்விட்டாய். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவன், ஆட்டோ வருவதற்குள்.

வீட்டை விற்றுவிட்டு அவள் டி. கல்லுப்பட்டிக்கு, தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். பீரோ வெளியே வர வழியில்லை. "ரெண்டா அறுத்துருவோம்க்கா, அங்க போயி வெல்டிங் வச்சுக்கலாம்" என்றான் தம்பி. அவள் பீரோவில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தாள். "எங்க கல்யாணத்துக்கு வந்ததுல இது ஒண்ணுதாண்ணே மிச்சம்."

சுத்தியலால் பெயர்த்தால் சுவர் உதிரும், விற்ற வீடு. கேஸ் வைத்து அறுத்தால் மரச்சட்டம் கருகும். உன் பெட்டியைத் திறந்தேன்.

ஆணி அடித்தால் விரலில் அடிக்கிற கை என்னுடையது. மிஷின் முரட்டுக் கிடாய் மாதிரி துள்ளியது. குழாயை அறுத்துக் காட்டிய அன்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது: "மிஷின் முகப்ப இரும்போட ஒட்டிப் பிடி. அறுக்குறத அது பாத்துக்கும்." ஒட்டிப் பிடித்தேன். கம்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பூச்சில் ஒரு கீறல் இல்லை.

பீரோ கயிற்றில் இறங்கியது. வெறும் ஜன்னலில் நின்று அவள் சொன்னாள்: "அவரு இருந்திருந்தா எம்புட்டு சந்தோசப்பட்டிருப்பாரு. மிஷினுக்கு ஒரு வேலை வந்துச்சேன்னு."

மிஷினை என்னிடமே விட்டுப் போனாள். இப்போது என் பரணில் இருக்கிறது. இரவல் கேட்டு வருகிறவர்களிடம், "எத அறுக்கணும்?" என்று கேட்கிறேன். உன் குரலிலேயே கேட்கிறேன் போலிருக்கிறது, மாப்ள. பலகை என்றால், "கைரம்பம் போதும்" என்று திருப்பி அனுப்புகிறேன்.